கீரிப்பாறைக்கு எதுக்குடே கோல்ஃப் மைதானம்?

மக்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காப்பி குடிச்சுக்கிட்டே வாசியுங்கள். முதல் நாலு வரியை மட்டும் பார்த்துவிட்டு லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே அவர்கள் அப்படித்தான்.

விஷயம் இதுதான். போன வாரம் நம்ம பழைய மாணவர்கள் குழுவில், துபாயில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை ஒரு யோசனை போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை, ஊர்ப் பாசம் உள்ளவன். "காளிகேசம் இருக்கு, மலை இருக்கு, குளிர்ச்சி இருக்கு. ஒக்கிப் புயலில் மரம் விழுந்த ரப்பர் தோட்டம் எவ்வளவோ சும்மா கிடக்கு. பெரிய டிசைனர் ஒருவரைக் கொண்டுவந்து ஒரு கோல்ஃப் மைதானம் போட்டால் கீரிப்பாறை இன்னொரு ஊட்டி ஆகிவிடும்" என்று எழுதி, கூடவே பச்சைப் பட்டு விரித்தது போல ஒரு படமும் போட்டிருந்தான். நாற்பது பேருக்கு மேல் கைதட்டல். அதில் என் சொந்த மருமகனும் ஒருத்தன். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. அது நம்ம மாதிரி மலையும் இல்லை, ஊட்டியும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அகஸ்டா நேஷனல். ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும். அந்த நேரத்தில் உலகம் முழுக்க எல்லார் போனிலும் அந்தப் பச்சை வந்து விழும். அது முன்பு பழமரமும் பூச்செடியும் வளர்த்து விற்ற ஒரு நாற்றுப் பண்ணை. அதனால் இன்றைக்கும் அங்கே உள்ள 18 குழிகளுக்கும் செடி, மரத்தின் பெயர்தான். வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்ஸி, கூட இருந்தவர் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ். மெக்கன்ஸி படித்தது மருத்துவம். தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்துக்குப் போனவர், எதிரி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு நிலமாக ஒளிந்துகொள்வதை அங்கே பார்த்துப் படித்து, அந்த வித்தையைக் கொண்டுவந்து மணற்பள்ளங்களை அமைத்தார். 1934-இல் முதல் போட்டி நடக்கும் முன்பே இறந்துபோனார். பேசிய கூலி முழுதாகக் கைக்கு வரவில்லை. இன்றைக்கு டிசைனர் டிசைனர் என்று கும்பிடுகிறோமே, அந்தத் தொழிலின் பெரிய பெயருக்கே கிடைத்த மரியாதை அதுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்தக் கிளப் வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. மே கடைசியில் அடைத்தால் அக்டோபரில்தான் திறப்பார்கள். கோடையில் அந்தப் புல் ஆட்டத்துக்குத் தாங்காது. இத்தனைக்கும் குழி இருக்கும் திட்டுகளுக்கு அடியில் குழாய் பதித்து, காற்றை உறிஞ்சியும் ஊதியும் ஈரத்தைச் சரிபார்க்கிற இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நீ பார்த்த பச்சை, மக்களே, நாலு நாள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல்.

கோல்ஃபின் பருவமே வானிலையைப் பார்த்து ஊர் ஊராக நகர்கிற பருவம். சனவரி, பிப்ரவரியில் குளிர்காலம் என்பதால் துபாய். ஏப்ரலில் அகஸ்டா. மே, சூன் மாதங்களில் அமெரிக்காவின் வேறு இடங்கள். சூலையில் பிரிட்டன் கடற்கரை. இப்போது நம்ம ஊர்க் காலண்டரை எடுத்துப் பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்குக் கிடைக்காத வரம் இது. ஆனால் அந்த மாதங்களில் கீரிப்பாறையில் எவன் கோல்ஃப் அடிப்பான்? இடியும் அட்டையும் உள்ள நாளில் பையைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்? அப்படியானால் ஆடுகிற காலம் சனவரி கடைசியிலிருந்து மே வரை.

அதே காலத்தில்தான் நாகர்கோவிலுக்குக் குடிநீர் தருகிற முக்கடல் அணை வற்றும். 'முக்கடல் நீர்மட்டம் மைனஸ்' என்று பேப்பரில் போடுவான். மைனஸ் எண்ணை வகுப்பில் நடத்தும்போது உங்களுக்கு நான் சொன்ன உதாரணமே அதுதான். ஊருக்குத் தண்ணீர் இல்லாத மாதங்களும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன.

சரி, எவ்வளவு தண்ணீர்? கணக்குப் போடுவோம். ஒரு 18 குழி மைதானத்துக்கு நூறு, நூற்றைம்பது ஏக்கர் வேண்டும். எல்லா இடத்துக்கும் தண்ணீர் விட வேண்டாம், தாராளமாகக் குறைத்து 60 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நம்ம கோடையில் புல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவு நீரை வெளியே விடும் என்று வைத்துக்கொள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் ஐந்து மில்லிமீட்டர் என்பது சுமார் 20,000 லிட்டர். 60 ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர், ஒரு நாளைக்கு. கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. 12 லட்சத்தை 55-ஆல் வகுத்தால் இருபத்தோராயிரத்துச் சொச்சம் பேர். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துகளை நினைத்துக்கொண்டு அந்த எண்ணை இன்னொரு தடவை வாசியுங்கள்.

"சார், நெல்லுக்கு இதைவிட அதிகமாகத் தண்ணீர் விடுகிறோமே" என்று ஒருத்தன் கேட்பான். கேட்க வேண்டும், நியாயமான கேள்வி. ஆமாம், நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் இதைவிடக் கூடுதல்தான். ஆனால் அறுப்புக்குப் பிறகு களத்தில் நெல் கிடக்கும். வைக்கோல் கிடக்கும், மாடு தின்னும். கோல்ஃப் புல்லை மாடு தின்றால் காவலாளி விரட்டுவான். இதே நாஞ்சில் நாட்டில் வயலையும் குளத்தையும் மண் போட்டு மூடிப் பிளாட் போட்டு முடித்துவிட்டு, இப்போது மலைமேல் புல் வளர்க்கத் தண்ணீர் தேடுகிறோம்.

துபாய்ப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. உன் ஊரில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பை 1988-இல் திறந்தார்கள். கார்ல் லிட்டன் என்பவர் வடிவமைத்தது. பாலைவன மணலில் போட்டது. கடல்நீரில் உப்பெடுத்து அந்தப் புல்லுக்கு ஊற்றினார்கள். எண்ணெய்க் காசும் மின்சாரமும் உள்ள நாடு, செய்யட்டும். அந்தப் புல்லை வெட்டுகிறவன், குழாய் பதிக்கிறவன் யாரென்று எப்போதாவது நின்று பார்த்திருக்கிறாயா? அதில் நம்ம மாவட்டத்துக்காரன் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவன் அங்கே போனதே இங்கே ஒழுங்கான கூலி இல்லாததால்தான்.

"ஊட்டியில் இருக்கிறதே?" இது மருமகனின் வாதம். இருக்கிறது. வென்லாக் டவுன்ஸ் பகுதியில் ஏறக்குறைய இருநூறு ஏக்கர், வெள்ளைக்காரன் காலத்தது. கொடைக்கானலிலும் 1895-இல் தொடங்கிய கிளப் இருக்கிறது, அங்கே இன்றைக்கும் காட்டெருமை வந்து மேய்கிறது. நீலகிரியில் அந்த இடம் சும்மா கிடந்த இடம் என்று நினைத்தார்கள். அது புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்த, தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கசியவிடுகிற நிலம். சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று மலையில் கிடையாது, மக்களே. பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அது சும்மா. இன்னொன்று, ஊட்டிக்குப் போகிற லட்சக்கணக்கான ஜனத்தில் எத்தனை பேர் கோல்ஃபுக்குப் போகிறான்? பூங்காவுக்கும் மலை ரயிலுக்கும் படகுக்கும் வர்க்கிக்கும் போகிறான். கோல்ஃப் மைதானத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அது என்னப்பா வேலி போட்டிருக்கு" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோகிறான்.

இப்போது கிண்டிக்கு வருவோம். இதுதான் உங்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டிய கதை.

சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய மைதானம், 160 ஏக்கர் சொச்சம். அரசு நிலம். 1945-இல் 99 வருஷத்துக்குக் குத்தகை. வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துப் பார்த்தால் நாலு ரூபாய்கூட வராது. வருஷத்துக்கு! கீரிப்பாறையில் ரெண்டு சென்ட் வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவன் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளட்டும். குதிரை ஓடுகிற வளையத்துக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். ஜிம்கானா 1884-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கிளப். அரசு 1970-இலிருந்து வாடகையை உயர்த்திக் கேட்டது, பந்தய கிளப் மறுத்தது, வழக்கு வருஷக்கணக்காக ஓடியது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியைக் கட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்று சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. அதன்பிறகும் இரண்டு கிளப்பும் நீதிமன்றப் படி ஏறின.

ஆனால் நான் சொல்ல வந்தது வாடகையை அல்ல. சீல் வைத்த பிறகு அந்த இடத்தில் அரசு முதலில் செய்த வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? குளம் வெட்டியது. பக்கத்தில் வேளச்சேரி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அங்கே வீட்டுக்குள் தண்ணீர், டிவியில் படகைக் காட்டுவான். ஊருக்கு நடுவில் இவ்வளவு திறந்த நிலம் இருந்தும் மழைநீரை அங்கே தேக்கிவைக்க யாருக்கும் இத்தனை வருஷம் உரிமை இல்லை, ஏனென்றால் அதன்மேல் சில பேர் பந்து அடிக்க வேண்டியிருந்தது. நிலத்தை ஒருமுறை கிளப்புக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க எத்தனை காலம் ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மாநில அரசாங்கமே அவ்வளவு பாடுபட்டது. நம்ம பஞ்சாயத்துத் தலைவர் எந்த மூலைக்கு?

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த விளையாட்டின்மேல் கோபம் கிடையாது. நாலஞ்சு மைல் நடக்கிற ஆட்டம், அறுபது தாண்டியவனும் ஆடலாம். அது பிறந்த இடத்தில் அது பணக்காரன் சொத்தாகவும் இல்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று கடற்கரை ஊர். அங்கே உள்ள பழைய மைதானம் ஊருக்குப் பொதுவான புறம்போக்கு மணல்மேடு. துணி உலர்த்துவான், ஆடு மேய்ப்பான், பந்தும் அடிப்பான். 1797-இல் நகராட்சி கடனில் மூழ்கி அந்த நிலத்தை விற்றது, அது முயல் வளர்த்து விற்கிற வியாபாரிகள் கைக்குப் போனது. ஊர்க்காரர்கள் விடவில்லை, முயலைப் பிடித்துக் கொன்றார்கள், அடிதடி, கோர்ட்டு, எல்லாம் நடந்தது. கடைசியில் 1894-இல் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு ஊரே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. குழந்தையோடும் நாயோடும் யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். உலகத்தின் மிகப் பழைய மைதானத்துக்கு வேலி இல்லை. நமக்கு வந்து சேர்ந்தது மட்டும் வேலியும் வாட்ச்மேனும்.

அந்தப் பழைய மைதானத்தை எந்த டிசைனரும் வரைந்து தொடங்கவில்லை. காற்றும் ஆடும் போட்ட பள்ளத்தை ஓல்ட் டாம் மோரிஸ் மாதிரி ஆட்கள் ஒழுங்குபடுத்திப் பராமரித்தார்கள். அது மணல் நிலம், பெய்த மழை உடனே இறங்கும். கீரிப்பாறை சரிவு நிலம், செம்மண், பாறை. இங்கே 18 குழிக்குச் சமதளம் வேண்டுமானால் மலையைத்தான் சீவ வேண்டும். கன்னி, புரட்டாசி மழையில் சீவின மலை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டாம், வயநாட்டை 2024-இல் எல்லாரும் பார்த்தோம். பெரிய பெயர்கள் இந்தியாவுக்கு வந்திருக்கிறார்கள். மானேசர் பக்கம் ஜாக் நிக்லஸ் போட்டார். டெல்லி கோல்ஃப் கிளப்பைப் பீட்டர் தாம்சன் ஒரு காலம் மாற்றியமைத்தார், 2019-இல் கேரி பிளேயர் மறுபடி மாற்றினார். எல்லாம் சமவெளி, தலைநகரின் பணம். அவர்கள் பெயரைப் போட்டுப் பக்கத்தில் வீட்டு மனை விற்பது ஒரு தனி வியாபாரம். டிசைனர் படத்தைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். உரமும் பூச்சிமருந்தும் ஓடைவழியாக இறங்கி, நம்ம பிள்ளைகள் குளிக்கிற இடத்துக்குத்தான் வரும்.

வேலைவாய்ப்பாம். அதையும் பார்ப்போம்.

கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களில் பல குடும்பம் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஆடுமாடு மாதிரித் தலையெண்ணிப் பிரிக்கப்பட்டவர்கள். அவர்களில் வயதானவர்கள் யாராவது இருந்தால் நுவரெலியாவைப் பற்றிக் கேளுங்கள். அங்கே 1889-இலிருந்து கோல்ஃப் கிளப் இருக்கிறது, ஊரின் நடுவில், அழகான இடம். சுற்றிலும் தேயிலை மலை, அந்த மலைகளில் லயன் வீடுகளில் நம்ம ஜனம். நூறு வருஷத்துக்கு மேல் கோல்ஃப் இருந்ததால் அந்த லயனுக்கு என்ன வந்தது? துரை பந்தடித்தான், இவர்கள் கொழுந்து கிள்ளினார்கள். கடல் தாண்டி இங்கே வந்து அதிகாலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவனிடம், "கத்தியைக் கீழே போடு, இனிமேல் கோல்ஃப் பை சும" என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சியா?

அலி ஷேர் என்று ஒருவர், டெல்லியில் பை சுமந்த குடும்பத்துப் பையன். 1991-இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்றார். அந்தப் போட்டி 1964-இல் தொடங்கியது, அதுவரை எந்த இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரும் வென்றதில்லை. 1993-இல் மறுபடி வென்றார். கேட்கவே சந்தோஷமான கதை, நானும் கைதட்டுகிறேன். ஆனால் அந்த ஒருத்தருக்குப் பின்னால் வாழ்நாள் முழுக்கப் பை சுமந்தே ஓய்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கதை எழுதுவதில்லை. அகஸ்டாவிலேயே 1983 வரை ஆட்டக்காரர்கள் கிளப்பின் கறுப்பினச் சுமைக்காரர்களைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கறுப்பினத்தவர் அங்கே போட்டியில் ஆடியது 1975-இல்தான், உறுப்பினர் ஆனது 1990-இல். பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 2012-இல்.

நம்ம நாட்டுக் கதை வேறா? 2017-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், விருந்துக்கு அழைக்கப்பட்டு வந்த ஒரு மேகாலயப் பெண்மணியை, அவர் கட்டியிருந்த காசி இனத்து உடை வேலைக்காரி உடை போல இருக்கிறது என்று சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். அது டெல்லி என்பீர்கள். 2014-இல் சென்னையில் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டி வந்தார் என்று கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சட்டசபையில் வேட்டிக்கென்று ஒரு சட்டம் போட வேண்டிவந்தது. வேட்டி கட்டிக்கொண்டு நம்ம ஊருக்குள் நடக்க எனக்கு ஒரு சட்டம் துணை வேண்டும் என்ற நிலைமையைக் கீரிப்பாறைக்குக் கொண்டுவர வேண்டாம்.

அந்தத் தோட்ட நிலம் என்ன ஆக வேண்டும் என்று கேட்டால், ரப்பரே அங்கே பிறகு வந்ததுதான், அதற்கு முன் காடு. மரம் விழுந்த இடத்தில் ஒன்று ரப்பர்க் கன்றை வைத்துத் தொழிலாளிக்கு நாள் வேலை கொடுங்கள், இல்லையா, காட்டுக்கே திருப்பிக் கொடுங்கள், யானை வீட்டு வாசலுக்கு வராது. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற 1980 வனச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும் என்பதையும் குழுவில் கைதட்டினவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலாதான் வேண்டும் என்றால் காளிகேசத்துக்கு வருகிற பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறையும், தடிக்காரன்கோணத்திலிருந்து மேலே நேரத்துக்கு வருகிற பஸ்ஸும் கேளுங்கள். விளையாட்டுதான் வேண்டும் என்றால், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆட ஒரே ஒரு ஏக்கர் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மழை ஊற்றும்.

துபாய்ப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம். 12 லட்சம் லிட்டரை ஒரு லாரிக்கு 12,000 லிட்டர் வீதம் ஏற்றினால் ஒரு நாளைக்கு எத்தனை லாரி? பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மே 31 வரை எத்தனை லாரி? லீப் வருஷம் இல்லை என்று வைத்துக்கொள். விடையை வழியோடு கீழே எழுது, போனில் கால்குலேட்டர் தட்டாதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.